அந்த மந்திரி எந்தத் துறை?

பிளஸ் ஒன் பொருளியல் வகுப்பில் கூட்டுறவுக் கடன் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்தால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். அதனால் ஊர்க்கதையில் ஆரம்பிக்கலாம் என்று, "2017-ல நம்ம டெல்டாவுல என்ன நடந்துச்சு, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "தெர்மாகோல் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. இன்னொருவன், "எலி சார், டெல்லியில எலியைக் கடிச்சாங்கள்ல" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், "அந்த வருஷந்தான் சார் எங்க அப்பா திருப்பூருக்குப் போனாங்க" என்றாள். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை. மணி அடித்துவிட்டது.

பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்போது அவர்களுக்கு ஏழெட்டு வயது. அவர்களாகப் பார்த்தது எதுவும் இருக்காது. வீட்டில் பேசக் கேட்டதும், கைபேசியில் திரும்பத் திரும்பச் சுற்றி வந்ததும்தான் அவர்களுக்கு 2017. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. தெர்மாகோல் கதை நடந்தது வைகை அணையில். அது தேனி மாவட்டம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. வைகைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட எங்கள் வாய்க்காலுக்கு வராது. டெல்டாவில் என்ன நடந்தது என்று கேட்டால், டெல்டாப் பையன் ஒருவன் வைகையில் நடந்ததைச் சொல்கிறான். சொந்த ஊர் காய்ந்து கிடந்த வருஷத்தைப் பற்றி அவனிடம் மிஞ்சியிருப்பது ஒரு நகைச்சுவைப் படம். அந்தப் படத்தை அவன் கைவரை கொண்டு சேர்த்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எத்தனை குழுக்களுக்கு அதை அனுப்பினேன் என்று எனக்கு நினைவில்லை.

ஆடு மேய்ந்த சம்பா

அந்த வருஷத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர், 2016-ல் செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. குறுவை போயிற்று. உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு முதலில் 15,000 கன அடி என்றது, அப்புறம் 12,000, அப்புறம் 6,000. ஒவ்வொரு எண்ணும் டீக்கடைப் பேப்பரில் வந்ததே தவிர எங்கள் வாய்க்காலில் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரி 10-ஆம் தேதி, மாநிலத்தின் அத்தனை மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். எங்கள் பக்கத்துக் கணக்கில் மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, 1,820 ரூபாய் சொச்சம்.

பெரியப்பா அந்த முறை சம்பாவை நேரடி விதைப்பாகத்தான் போட்டிருந்தார். ஆற்றை நம்பி நாற்று விட அவருக்குத் தைரியம் இல்லை. நவம்பரில் பெய்த கொஞ்ச மழைக்குப் பயிர் கிளம்பி முழங்கால் உயரம் வந்துவிட்டது. பொங்கலுக்கு நான் போனபோது காலையில் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் பச்சை இருப்பதுபோல்தான் தெரிந்தது. கிட்டப் போனால் ஒவ்வொரு தாளும் ஊசிபோலச் சுருண்டிருந்தது. தொட்டால் நொறுங்கியது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெரியப்பா உட்கார்ந்து ஒரு வெடிப்புக்குள் கையை விட்டார். மணிக்கட்டு போயிற்று, முழங்கைக்குப் பக்கம்வரை போயிற்று. கையை வெளியே எடுத்து விரலை உதறிக்காட்டினார். வெறும் புழுதி. "அடியிலகூட ஈரம் இல்லடா தம்பி" என்றார். மறுநாள் தெருவில் ஆடு வைத்திருந்தவரைக் கூப்பிட்டு வயலில் ஓட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நின்ற பயிரில் சொந்தக்காரனே ஆட்டை விடுவதை என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வரப்பில் ஆடு ஏறினாலே கல்லை எடுக்கிறவர் அவர். அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து, ஆடுகள் மேய்ந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி வயல்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களின் செய்தி தினமும் வந்துகொண்டிருந்தது. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்தியை வைத்து, தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதங்களில்தான் முதலமைச்சர் மறைவு, மெரினா, கூவத்தூர், புது முதலமைச்சர், ஆர்.கே. நகர் என்று அரசியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்திருந்த கூவத்தூர் விடுதியை வைத்து வந்த கேலிக்கு அளவே இல்லை. சசிகலா குடும்பத்து ஊர் என்று எங்கள் பக்கத்து மன்னார்குடியின் பெயர் அடிபடாத நாள் இல்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நியாயமான கோபமும் இருந்தது, அதை இப்போதும் மறுக்க மாட்டேன். அதிகாரத்தில் இருப்பவனைக் கிண்டல் செய்வது இந்த மண்ணில் புதிதாக வந்த பழக்கமா என்ன? ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் செய்திக்கு என்று நமக்கு இருந்ததில், கூவத்தூர் எவ்வளவு எடுத்துக்கொண்டது, காய்ந்த சம்பா எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று கணக்குப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

எலியும் கிட்டியும்

2017 மார்ச் 14-ல் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். முதலில் மண்டையோடுகளை முன்னால் வைத்தார்கள். இறந்துபோன விவசாயிகளின் மண்டையோடுகள் என்றார்கள். அப்புறம் எலியைப் பல்லில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 10-ல் பிரதமர் அலுவலகத்துப் பக்கம் ஆடையில்லாமல் ஓடினார்கள். ஒவ்வொன்றும் நாடு முழுக்கச் செய்தியானது. எல்லாம் "விநோதம்" என்ற பெட்டிக்குள் போன செய்தி. வேண்டியது என்ன என்பது கடைசி வரியில் வரும்: வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம். பல இடங்களில் அந்தக் கடைசி வரியும் வராது.

எலிப் படத்தைப் பார்த்து நாட்டின் மற்ற பக்கத்துக்காரர்கள் முகம் சுளித்தது எனக்குப் புரிகிறது. டெல்டாக்காரன் அதைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. எலி நமக்கு விநோதமா? சின்ன வயதில் எங்கள் வயலுக்குக் கிட்டி வைக்க வருபவரோடு நான் போயிருக்கிறேன். தோளில் ஒரு கட்டுக் கிட்டி தொங்கும். வில்லாக வளைத்த மூங்கில், அதில் முறுக்கிக் கட்டிய கயிறு, நடுவில் இரைக்குக் கொஞ்சம் நெல், அவ்வளவுதான். சாயங்காலம் எலி நடமாடும் தடம் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திவிட்டுப் போவார். எலியின் தடம் எனக்கு ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அவருக்கு அது ரோடு மாதிரித் தெரியும். விடியற்காலையில் வந்து, விழுந்ததையெல்லாம் வரப்பில் வரிசையாகப் போட்டு எண்ணிக்காட்டுவார். எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. அறுப்பு முடிந்ததும் எலிவளையை வெட்டினால் உள்ளே கதிர் கதிராக அடுக்கி வைத்திருக்கும். அந்த நெல்லை எடுத்துக் குத்திச் சாப்பிட்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. வயல் எலியைச் சுட்டுச் சாப்பிட்டவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உழைத்த வயலிலிருந்து வந்த உணவு அது.

அப்படியென்றால் ஒரு விவசாயி எலியை வாயில் வைத்துக்கொண்டு உட்காரும்போது அவர் சொல்வதை நாம் ஒரே பார்வையில் படித்திருக்க வேண்டும். விளைந்தால் எலிக்கும் ஒரு பங்கு போகும், நமக்கும் மிஞ்சும். இந்த வருஷம் எலி திருடிக்கொண்டு போகக்கூட வயலில் ஒரு கதிர் இல்லை. வளையை வெட்டினாலும் நெல் கிடையாது, எலிதான் மிச்சம். டெல்லி நிருபருக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும். ஆனால் நாமும் அவர்கள் பார்த்த கண்ணாலேயே பார்த்தோம். வாழையிலையில் சாப்பிடுகிறார்களே, பாட்டில் தண்ணீர் குடிக்கிறார்களே, யார் காசு கொடுக்கிறார்கள் என்றெல்லாம் வந்த செய்திகளை நம் பக்கத்து ஆட்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். ஊரை விட்டு ஒரு மாதம் வெளியே இருப்பவன் எதில் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தோம்?

அவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று எங்கள் வீட்டிலேயே சண்டை நடந்தது. என் தம்பி, "மானத்தை வாங்குறாங்க" என்பான். பெரியப்பா மட்டும், "சும்மா உக்காந்திருந்தா எவன்டா வந்து பாக்குறான்?" என்பார். எனக்கு அப்போது தம்பி பக்கம்தான் மனசு போயிற்று. இப்போது யோசித்தால் பெரியப்பா சொன்னதை மறுக்க முடியவில்லை. டெல்டாவில் எத்தனையோ கலெக்டர் ஆபீஸ் வாசலில் எத்தனையோ பேர் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கேமராவும் திரும்பவில்லை. எலி வந்த பிறகுதான் திரும்பியது. திரும்பிய கேமரா எலியோடு நின்றுவிட்டது என்பது உட்கார்ந்திருந்தவர்களின் குற்றம் அல்ல.

பெரியப்பா கேட்டது

ஏப்ரல் 21-ஆம் தேதி. வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க, அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். டேப் போட்டு ஒட்டிய அட்டைகள் காற்றில் கரைக்கு ஒதுங்கின. சாயங்காலத்துக்குள் தமிழ்நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலைந்து படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பிடும்போது பெரியப்பாவிடம் காட்டினேன். அந்த மாதங்களில் அவர் அதிகம் பேசுவதில்லை. கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். கைபேசியை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இந்த மந்திரி எந்தத் துறைடா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று வரவில்லை. அணையில் நிற்கிறாரே, பொதுப்பணித் துறையாக இருக்குமோ என்று ஒரு நொடி ஓடியது. அப்புறம்தான் வந்தது. "கூட்டுறவு" என்றேன்.

"அப்ப நம்ம சொசைட்டிக் கடன் இவருகிட்டத்தான இருக்கு? கோர்ட்டு சொன்னதுக்கு என்ன செய்யப்போறாருன்னு எவனாவது கேட்டானா?"

கேட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் வைத்திருந்த நாலைந்து படங்களில் எதிலும் அந்தக் கேள்வி இல்லை. எனக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை. இத்தனைக்கும் பொருளியல் நடத்துகிறவன் நான்.

கோர்ட்டு சொன்னது என்று அவர் சொன்னதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் எல்லோருக்கும் மறந்துபோனது. 2016 தேர்தல் முடிந்து ஜெயலலிதா பதவியேற்ற அன்றே கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டார். அது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். ஐந்து ஏக்கர்தான் எல்லை. அதை எதிர்த்து, எல்லா விவசாயிக்கும் தள்ளுபடி வேண்டும் என்று அய்யாக்கண்ணுவின் சங்கம்தான் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 ஏப்ரல் 4-ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஐந்து ஏக்கர் வரம்பு இல்லாமல் எல்லோருடைய கூட்டுறவுக் கடனையும் தள்ளுபடி செய்ய வேண்டும். டெல்லியில் எலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் மதுரையில் வழக்கை ஜெயித்திருந்தார்கள். எலியைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வழக்கு தெரியும்? தீர்ப்பு வந்து பதினேழாம் நாள் கூட்டுறவுத் துறை அமைச்சர் வைகை அணையில் எல்லா மைக்குக்கும் முன்னால் நின்றார். தீர்ப்பை நிறைவேற்றுவீர்களா, மேல்முறையீடு போவீர்களா என்பதை அந்த ஒரு மனிதரிடம் கேட்டிருக்கலாம். அன்றைக்கு மாநிலமே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால், அவருக்கு இருந்தது ஒரு வேலி. எங்கள் பக்கத்தில் இன்னும் ஏக்கர் என்று யாரும் பேசுவதில்லை. மா என்போம், வேலி என்போம். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி என்றால் ஆறு ஏக்கர் அறுபத்தாறு செண்டு. தாளில் பார்த்தால் ஐந்து ஏக்கருக்கு மேல், அதனால் பெரிய விவசாயி. தண்ணீர் வந்தால் ஒரு போகம், வராவிட்டால் அதுவும் இல்லை. போர் போட்டாலும் உப்புத் தண்ணீர். இந்த ஒரு வேலிக்காரர்களுக்கு 2016 தள்ளுபடி கிடைக்கவில்லை. அந்த ஏப்ரல் தீர்ப்புதான் அவர்களையும் கணக்கில் எடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெர்மாகோல் யோசனை பலிக்கவில்லை, சரி. ஆனால் அணைத் தண்ணீர் ஆவியாகிறது என்ற கவலை சிரிப்புக்குரியதா? லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 2015-ல் ஒரு நீர்த்தேக்கத்தின்மேல் 9.6 கோடி கருப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டார்கள். தண்ணீரின் தரத்தைக் காப்பது ஒரு காரணம், ஆவியாவதைக் குறைப்பது இன்னொன்று. அங்கே பொறியாளர்கள் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்தார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை, யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள், பருவமழை தவறும் வருஷத்தில் அணையில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் காப்பாற்ற அரசிடம் வேறு என்ன வழி இருக்கிறது என்று கேட்டிருந்தால் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நாம் சிரித்ததற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 23-ல் முதலமைச்சர் பழனிசாமி ஜந்தர் மந்தருக்கே போய்ப் பேசினார். 41-ஆம் நாள் போராட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றம் போயிற்று. ஜூலை 3-ல் தடை கிடைத்தது. அந்தச் செய்தி ஒரு நாள் வந்தது. அதில் சிரிக்க எதுவும் இல்லை, அதனால் யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. அதே மாதம் விவசாயிகள் மறுபடி டெல்லிக்குப் போய் உட்கார்ந்தபோது, "இவங்களுக்கு வேற வேலை இல்ல" என்று என் காதுபடவே சொன்னார்கள்.

பெரியப்பா இரண்டு வருஷம் வட்டியும் முதலுமாக இழுத்துப் பார்த்தார். 2019-ல் தெற்குப் பக்கம் ஐந்து மாவை விற்றுச் சொசைட்டிக் கடனைக் கட்டி முடித்தார். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தபோது, பெரியப்பா பெயரில் கடன் எதுவும் இல்லை. இருபது மா பதினைந்து மாவாகியிருந்தது. பதினைந்து மா என்றால் சரியாக ஐந்து ஏக்கர். இப்போது அரசாங்கத் தாளில் அவர் சிறு விவசாயி. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. விற்ற வயல் வழியாக நடப்பதை மட்டும் விட்டுவிட்டார். பஸ் ஏறச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

பிள்ளைகள் தெர்மாகோல், எலி என்று சொன்னதற்கு மறுநாள் வகுப்பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகையில் தேதிகளை எழுதினேன். மார்ச் 14, ஏப்ரல் 4, ஏப்ரல் 21, ஜூலை 3. எலிக்குப் பக்கத்தில் வழக்கையும், தெர்மாகோலுக்குப் பக்கத்தில் துறையின் பெயரையும் எழுதினேன். கிட்டியைப் பற்றிச் சொன்னேன். நாலைந்து பேர் வீட்டிலேயே கிட்டி இருந்தது. அந்தப் பெண்ணிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இன்னும் இருக்கிறாராம், அறுப்புக்கு மட்டும் வருவாராம். கடைசி பெஞ்சுப் பையன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று கேட்டான்.

"அஞ்சு ஏக்கர்னா எத்தனை மா சார்?"

"பதினைஞ்சு."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான்.

"எங்களுக்குப் பதினேழு மா சார்" என்றான்.